எழில் மண்டலத்துக்கு வந்த முதல் விருந்தாளி

கோட்டுச்சேரிமேட்டுக் கடற்கரை அழகாக இருக்கிறது என்று சட்டம் போட்டு அறிவித்த நாளில் நானும் அங்கே இருந்தேன். பாராட்டப் போகவில்லை, மைக் செட் கட்டப் போனேன். காரைக்கால் சுற்றுவட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, கட்சிக்கூட்டம் எதுவானாலும் குழாய் கட்டுவது என் பிழைப்பு. பேசுகிறவர் பேசிவிட்டு மாலையோடு போய்விடுவார். கேட்கிறவர்களும் பாதியில் எழுந்து போய்விடலாம். கடைசி வார்த்தைவரை உட்கார்ந்து கேட்கும் தண்டனை மைக் செட்காரன் ஒருவனுக்குத்தான்.

எழுபத்தாறாம் வருஷம், ஆவணி மாதம். சட்டத்தின் பெயர் ‘கடற்கரை எழில் காப்பு மற்றும் சுற்றுலாத் தொழில் ஆதரவுச் சட்டம்’. அதை நடத்திவைக்க நகரத்தில், பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன ஓட்டுக் கட்டடம் ஒன்றில், எழில் அலுவலகம் திறந்தார்கள். எழில் அலுவலராக வந்தவர் நடராசன். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, கையில் எந்நேரமும் மடித்த கைக்குட்டை. கருவாட்டு வாசனை அவருக்கு ஆகாது.

அவர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பெரியோர்களே! இத்தனை நூற்றாண்டுகளாக இந்தக் கடல் யாருக்கும் பயன்படாமல் சும்மா கிடந்தது. இன்று முதல் இதற்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது!”

எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் முழுக்க அந்தக் கடலில் மீன் பிடித்துப் பிழைக்கிறவர்கள். அவர்களும் கைதட்டினார்கள். கைதட்டச் சொன்னால் தட்டுவதும் குனியச் சொன்னால் குனிவதும் எங்கள் பக்கத்துப் பழக்கம்.

பிறகு விதிகளை வாசித்தார். எழில் மண்டலத்தில் கருவாடு காயப்போடக் கூடாது. கட்டுமரங்களைக் கண்ட இடத்தில் இழுத்துப் போடக் கூடாது, சூரியன் உதிக்கும் திசை பார்த்து ஒரே வரிசையில் வைக்க வேண்டும். விடியற்காலையில் யாரும் கடலுக்கு முதுகைக் காட்டி உட்காரக் கூடாது. முகத்தைக் காட்டி உட்காரலாமா என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான். அது பரிசீலனையில் இருப்பதாக நடராசன் பதில் சொன்னார். கடைசியாக ஒரு விதி. ஊருக்குக் கிழக்கே, கடலோரத்து மணல்மேட்டில் இனிமேல் யாரையும் புதைக்கக் கூடாது. அங்கே சூரியோதயக் காட்சி மேடை வரப்போகிறது.

அந்த மேடுதான் அவர்களுடைய இடுகாடு. மேடை வந்தது. நாலு தூணும் காளான் மாதிரி ஒரு கூரையும், கீழே வட்டமாக சிமெண்ட் பெஞ்சும். காவலுக்கு மருதையன் என்கிற விவசாயக் கூலி ஆளைப் பிடித்து, காக்கிச் சட்டையும் விசிலும் கொடுத்தார்கள். மணலில் அழகில்லாத எதைப் பார்த்தாலும் அவன் ஊத வேண்டும். முதல் வாரம் முழுக்க ஊதி ஊதி மருதையனுக்குத் தாடை வீங்கிப்போயிற்று.

எல்லாம் தயார். விருந்தாளிதான் வரவில்லை.

இந்தச் சட்டத்தில் சுற்றுலாப் பயணி என்ற சொல்லே கிடையாது. ‘விருந்தினர்’ என்றுதான் இருக்கும். வெளியிலிருந்து வந்திருக்க வேண்டும், ஓர் இரவாவது தங்க வேண்டும், இங்கே எந்தத் தொழிலும் செய்யக் கூடாது. இந்த மூன்றும் பொருந்தினால் விருந்தினர். திருநள்ளாறுக்கு வருகிற கூட்டத்தைக் கணக்கில் சேர்க்கலாமே என்று நான்கூடச் சொல்லிப் பார்த்தேன். “அவங்க சனீஸ்வரனுக்குப் பயந்துக்கிட்டு வர்றாங்க. விருந்தினர்னா சந்தோஷத்துக்கு வரணும்” என்றார் நடராசன். சந்தோஷத்துக்கு வருகிறவர்களும் இருந்தார்கள். தமிழ்நாட்டில் அப்போது மதுவிலக்கு. எல்லை தாண்டி வந்து குடித்துவிட்டு, மணலில் மல்லாந்து படுத்து, கடலைப் பார்த்துப் பாட்டுக்கூடப் பாடினார்கள். நடராசன் ஆசை ஆசையாகப் பெயர் கேட்கப் போனார். போலீஸ் என்று நினைத்து, செருப்பை விட்டுவிட்டு ஓடிப்போனார்கள்.

இப்படியே வருஷம் ஓடியது. மறு ஆவணியில் சட்டத்தின் ஆண்டுவிழா, மேலிடத்திலிருந்து குழு வருகிறது, வந்த விருந்தினர் எத்தனை பேர் என்று கேட்கும். ஒருவருமில்லை என்று எப்படிச் சொல்வது? நடராசனுக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்கு முந்தின மாதம், ஆடிக் காற்றில் ஐயனாரின் கட்டுமரம் கவிழ்ந்தது.

ஐயனாரும் தம்பி நீலமேகமும் சேர்ந்துதான் கடலுக்குப் போவார்கள். அன்றைக்குத் தம்பிக்குக் காய்ச்சல், அண்ணன் வேறோர் ஆளோடு போனார். கூடப் போனவன் மரத்தைப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தான். ஐயனார் சேரவில்லை. மூன்றாம் நாள் காலையில் கடலே அவரைக் கொண்டுவந்து, அந்தச் சூரியோதய மேடைக்கு நேர் கீழே போட்டது.

மருதையன் பார்த்தான். விசிலை வாயில் வைத்தான். ஊதினான்.

நீலமேகம் ஓடிவந்து அவன் சட்டையைப் பிடித்தான். “எங்கண்ணன்டா! யாருக்குடா விசில் அடிக்கிற?”

“நான் என்னண்ணே பண்ணட்டும்? ஊதலைன்னா வேலை போயிடும்” என்று மருதையன் அழுதான். அவனும் ஐயனார் கையால் எத்தனையோ நாள் ஓசியில் மீன் வாங்கித் தின்றவன்.

போலீஸ் வந்து பார்த்தது. கடலில் மூழ்கிச் செத்தான், வேறு ஒன்றுமில்லை, எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனது. எடுத்துக்கொண்டு எங்கே போவது என்பதுதான் தகராறு.

அந்த ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வெளியே செத்த உடம்பு ஊருக்குள் வரக் கூடாது. கடலில் போனவனைக் கரையிலிருந்து அப்படியே மேட்டுக்குத் தூக்கிப்போய், கடலைப் பார்க்கப் புதைத்து, தலைமாட்டில் அவன் பிடித்த துடுப்பை ஊன்றுவார்கள். ஊர்த் தெருவை மிதிக்காமல் போய்ச்சேர வேறு இடம் கிடையாது.

ஐயனாரின் மனைவி விசாலாட்சி உடம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெயில் படாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “தம்பி, அவருக்கு ஒரு குழி வேணும். வேற ஒண்ணும் வேண்டாம். போய்க் கேட்டுட்டு வாங்க.”

நீலமேகம் எழில் அலுவலகத்துக்குப் போனான். நான் அப்போது அங்கேதான் ஆண்டுவிழாவுக்கு ஒயர் அளந்துகொண்டிருந்தேன்.

“ஐயா, மேட்டுல ஒரு குழி வெட்டிக்கிறோங்க. ராத்திரியோட ராத்திரியா மூடிடறோம். வெளிய தெரியாதுங்க.”

“மேட்டுல முடியாதுப்பா. மேற்கே வயலுக்கு அந்தாண்ட உங்களுக்கு மாற்று இடுகாடு ஒதுக்கியிருக்கே! சுத்துச்சுவர் வச்சு, இரும்பு கேட் போட்டு, எவ்வளவு அழகா இருக்கு! எனக்கே அங்க போய்ப் படுத்துக்கலாமான்னு தோணும்.”

“அதுக்கு ஊர் வழியா தூக்கிக்கிட்டுப் போவணுங்க. வெளிய செத்த உடம்பு ஊருக்குள்ள ஆகாதுங்க.”

“அது உங்க கட்டுப்பாடு. சட்டத்துல அப்படி இல்லையே.”

“சட்டத்துல எங்கண்ணன் செத்ததும் இல்லைங்களே.”

நடராசன் இதை யோசித்தார். “அதுவும் நியாயந்தான். முதல்ல செத்ததுக்குச் சான்று வாங்கிட்டு வா” என்றார்.

பிறப்பு இறப்பு பதியும் இடத்துக்கு ஓடினான். அங்கே இருந்த பெரியவர் பிரெஞ்சுக்காரன் காலத்திலேயே எழுத உட்கார்ந்தவர். எந்த இடத்தில் செத்தான் என்று கேட்டார். கடலில் என்றான் நீலமேகம்.

“கடல் எந்தக் கொம்யூன்ல வருது?” என்றார். ஊராட்சிக்குப் பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன பெயர் அது.

“கடல் கடல்லதாங்க வருது.”

“எங்க நிர்வாகத்துல ஆறு கொம்யூன் இருக்கு. கடல்ங்கிற பேர்ல ஒரு கொம்யூனும் இல்ல. அதனால அங்க பொறக்கவும் முடியாது, சாகவும் முடியாது” என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினார். வெற்றிலை பாக்குத் தட்டுகூட நீட்டினார் என்று நீலமேகம் பிற்பாடு சொன்னான். மனுஷன் கெட்டவரில்லை.

சாயங்காலம் நாலு பேர் சேர்ந்து இன்னொரு யோசனை செய்தார்கள். ஊரை மிதிக்காமல் கரையோடே வடக்கே போனால் தமிழ்நாடு வந்துவிடும். அங்கே சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்கள் இடத்தில் ஒரு குழி கேட்டுக்கொள்ளலாம். பாடையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். எல்லையில் மதுவிலக்குச் சாவடிக் காவலர் நிறுத்தினார்.

“காரைக்கால்லேருந்து வர்றீங்களா? இறக்குங்க.”

இறக்கினார்கள். அவர் லத்தியால் துணியை விலக்கினார். கடலில் கிடந்த உடம்பு, உப்பியிருந்தது.

“வயிறு ஏன் இவ்ளோ பெருசா இருக்கு? உள்ள டியூப்ல சரக்கா?”

லத்தியால் அழுத்திப் பார்த்தார். அழுத்தியதில் வாய் வழியாகக் கடல்தண்ணீர் வந்தது. அவர் குனிந்து மோந்து பார்த்தார். பிறகு அவருக்கே ஏதோ போலாகித் தொப்பியைக் கழற்றினார். தொப்பியைக் கழற்றியவர் வழியை மட்டும் விடவில்லை. “காரைக்கால் பொணம் காரைக்கால்லதான் புதையணும். திரும்பிப் போங்க” என்றார்.

திரும்பி வந்தார்கள். வந்த வழியெல்லாம் நீலமேகம், அண்ணனை வயிற்றில் லத்தியால் குத்தும்போது தான் கைகட்டி நின்றதைத்தான் நினைத்துக்கொண்டு வந்திருப்பான். வேறென்ன நினைக்க முடியும்?

அன்றிரவு ஐயனார் மேடைக்குக் கீழே மணலிலேயே கிடந்தார். விசாலாட்சி நாய்களை விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை நடராசன் ஜீப்பில் வந்து இறங்கினார். மூக்கில் கைக்குட்டை, கையில் சட்டப் புத்தகம், முகத்தில் ஒரு வெளிச்சம். ஒலிபெருக்கி எங்கே கட்டுவது என்று காட்டுவதற்காக என்னையும் அழைத்து வந்திருந்தார்.

“நீலமேகம், வழி கண்டுபிடிச்சிட்டேன்!” என்றார். “ராத்திரி பூரா தூங்கல. இவர் எங்கேருந்து வந்தாரு?”

“கடல்லேருந்துங்க.”

“அப்போ வெளியிலேருந்து. ராத்திரி எங்க தங்கினாரு?”

“இங்கதாங்க கிடந்தாரு.”

“தங்கினாரு. இப்போ ஏதாவது தொழில் செய்யறாரா?”

நீலமேகம் குனிந்து அண்ணன் முகத்திலிருந்த மணலைத் துடைத்தான்.

“செய்யல. மூணும் சரியா இருக்கு. இவர் விருந்தினர்!” என்று நடராசன் புத்தகத்தைத் தட்டினார். “மணலில் படுத்திருக்கும் விருந்தினரை யாரும் எழுப்பவோ அப்புறப்படுத்தவோ கூடாதுன்னு விதி இருக்கு. மேல்நாட்டுலயெல்லாம் உடம்பை மணலுக்குள்ள மூடிக்கிட்டுப் படுக்கறது ஒரு வைத்தியம். அதுக்கும் இங்க அனுமதி உண்டு. எவ்வளவு ஆழம்னு சட்டம் சொல்லல. நீங்க உங்க விருப்பம்போல ஆழமாவே படுக்கவைக்கலாம்.”

குழி கிடைத்துவிட்டது என்பது புரிந்ததும் விசாலாட்சி அந்த மனுஷனைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“சில நிபந்தனை இருக்கு” என்றார் நடராசன். “மேலே மேடு கட்டக் கூடாது. துடுப்பு ஊனக் கூடாது. துடுப்பு இருந்தா அவருக்குத் தொழில் இருக்குன்னு ஆயிடும். யாரும் அழக் கூடாது, விருந்தினரை வரவேற்கும்போது அழுதா நல்லா இருக்காது. மாலை போடலாம். மாலை வரவேற்புக்கும் பொருந்தும்.”

எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள்.

“கடைசியா ஒண்ணு. இவர் இந்த ஊர்க்காரர்னா விருந்தினர் ஆக முடியாது. அதனால இவர் எனக்கு அண்ணன் இல்லன்னு நீ ஒரு கையெழுத்துப் போடணும். எனக்குப் புருஷன் இல்லன்னு அந்தம்மா ஒரு கைநாட்டு வைக்கணும். வெறும் சம்பிரதாயம்தான். மனசுல நீங்க என்ன வேணா நினைச்சுக்கலாம், அதுல சட்டம் தலையிடாது.”

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. உடம்பு தாங்காது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்தது. நீலமேகம் அண்ணியைப் பார்த்தான். அவள் முந்தானையைத் துளிக்கூட அசைக்காமல், வலது கையை மட்டும் நீட்டினாள். நடராசன் மைப்பெட்டியைத் திறந்து, அவள் கட்டைவிரலைத் தானே பிடித்து உருட்டினார். பிறகு கைக்குட்டையில் தன் விரலைத் துடைத்துக்கொண்டார்.

நீலமேகம் ஐந்தாவது வரைக்கும் படித்தவன். அண்ணன்தான் கட்டுமரக் காசில் படிக்கவைத்தார். அந்தப் படிப்பை வைத்து, அவர் தனக்கு யாருமில்லை என்று கையெழுத்துப் போட்டான்.

குழி வெட்டினார்கள். வரவேற்புக்கு ஒரு நாதஸ்வர இசைத்தட்டு போடச் சொன்னார் நடராசன். ஊசி உடைந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். மாலை போட்டார்கள், கடலைப் பார்க்கப் படுக்கவைத்தார்கள், மண்ணைத் தள்ளினார்கள். ஒருவரும் அழவில்லை. மருதையன் மட்டும் வாயிலிருந்த விசிலை எடுக்க மறந்து தேம்பினான். ஒவ்வொரு தேம்பலுக்கும் அது கீச்சென்றது. நடராசன் திரும்பிப் பார்த்தார். விசில்தானே ஊதுகிறான், கடமையைச் செய்கிறான் என்று விட்டுவிட்டார்.

ஆவணியில் குழு வந்தது. பந்தல், தோரணம், இளநீர். நடராசனின் பேச்சை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன்.

“எத்தனை விருந்தினர் வந்தார்கள் என்று எண்ணிக்கையைப் பார்ப்பவன் வியாபாரி. வந்தவர் எவ்வளவு நிம்மதியாக இருக்கிறார் என்று பார்ப்பவன் அதிகாரி. நம் எழில் மண்டலத்துக்கு வந்த முதல் விருந்தினர், இதுவரை ஒரு குறைகூடச் சொன்னதில்லை. இந்த இடத்தை விட்டுப் போக அவருக்கு மனமே வரவில்லை!”

பலத்த கைதட்டல். குழுத்தலைவர் அவரைப் பார்க்கலாமா என்று ஆர்வமாகக் கேட்டார். ஓய்வில் இருக்கிறார் என்றார் நடராசன். விருந்தினரின் ஓய்வைக் குலைக்கக் கூடாது என்ற விதியைத் தலைவரே வாய்விட்டுச் சொல்லிச் சிரித்து, விருந்தினர் தன் காலடியில்தான் படுத்திருக்கிறார் என்று தெரியாமல் அந்த இடத்திலேயே நின்று இளநீர் குடித்தார்.

அதே விதியைச் சொல்லித்தான் விசாலாட்சியையும் தடுத்தார்கள். பால் தெளிக்க ஒரு செம்போடு வந்தாள். உள்ளூர் ஆட்கள் விருந்தினர் பக்கத்தில் போய்த் தொந்தரவு கொடுக்கக் கூடாது. அவள் மேடைக்கு இப்பால் தூர நின்று, பாலை மணலில் ஊற்றிவிட்டுப் போனாள். தாலியை அறுக்கவும் முடியவில்லை. செத்தார் என்று எங்கேயும் எழுதப்படவில்லை. அவள் புருஷன் என்றும் எழுதப்படவில்லை. இந்தச் சட்டத்தை எழுதியவன் வீட்டில் ஒரு சாவு விழுந்திருந்தால் இப்படி எழுதியிருப்பானா என்று எனக்கு ஆத்திரமாக வரும். எழுதித்தான் இருப்பான்.

ஐப்பசி கடைசியில் புயல் அடித்தது. காரைக்கால் முழுக்க ஓடு பறந்தது, தென்னை விழுந்தது. கடல் ஏறிவந்து மணல்மேட்டைச் சுரண்டியது. காளான் கூரை பறந்துபோய் வயலில் விழுந்தது. தண்ணீர் வடிந்தபோது ஐயனார் திரும்பவும் கரையில் கிடந்தார். உடம்பு என்று சொல்ல அதிகம் மிச்சமில்லை. இடுப்புக் கயிற்றையும் தாயத்தையும் வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள்.

நீலமேகம் நடராசனிடம் போய் நின்றான். நானும் கூடப் போனேன். “ஐயா, அந்த மேடையே இப்ப இல்லைங்க. மேடும் பாதி போயிடுச்சு. இந்தத் தடவையாவது எங்கண்ணனா, துடுப்பு நட்டுப் புதைச்சுக்கிறோங்க.”

நடராசன் விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். “திரும்ப வந்துட்டாரா?” என்றார். கண் கலங்கியது அவருக்கு. பொய்க் கலக்கம் இல்லை, நான் பார்த்தேன். “ஒரு தடவை வந்த விருந்தினர் மறுபடியும் தேடி வர்றாருன்னா, ஒரு சுற்றுலாத் தலத்துக்கு இதைவிட என்னப்பா நற்சான்று வேணும்? இந்த வருஷக் கணக்கு ரெண்டு! புது வருகை, அதனால புதுக் கையெழுத்து. அந்தம்மாவையும் வரச்சொல்லு.”

மைப்பெட்டியை எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது விசாலாட்சி கரையில் உட்கார்ந்திருக்கவில்லை. மிச்சமிருந்ததைப் பாய்த்துணியில் சுற்றி, மீன் கூடையில் வைத்து, மீன் சுமக்கிற மாதிரியே தலையில் தூக்கியிருந்தாள். ஊரைப் பார்க்க நடந்துகொண்டிருந்தாள். தெருமுனையில் ஊர்த் தலைவரான நாட்டார் சுப்ராயன் குறுக்கே நின்றார்.

“வேண்டாம்மா, விசாலாட்சி. வெளிய செத்த உடம்பு ஊருக்குள்ள ஆகாது. உனக்குத் தெரியாதா?”

“செத்தவரைத்தானங்க ஆகாது? இவரு சாகலீங்களே. விருந்தாளின்னு கவர்மெண்டே எழுதி வச்சிருக்கு. நானும் கைநாட்டு வச்சிருக்கேன். விருந்தாளிய வீட்டுக்குள்ள கூப்பிடக் கூடாதுன்னு எந்த ஊர்ல கட்டுப்பாடு இருக்கு?”

நாட்டார் நடராசனைப் பார்த்தார். நடராசன் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். மருதையன் விசிலை வாயிலிருந்து எடுத்து இடுப்பில் செருகினான். நாட்டார் துண்டைத் தோளிலிருந்து இறக்கிக்கொண்டு ஒதுங்கி நின்றார். அவள் தெருவின் நடுவே நடந்து, தன் வீட்டுக் கதவைத் திறந்து, உள்ளே போனாள். நீலமேகம் துடுப்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனான். அதற்குப் பிறகுதான் உள்ளேயிருந்து அழுகை கேட்டது. இத்தனை நாள் அழுகையும் சேர்ந்து வந்தது. கொல்லையில் குழி வெட்டினார்கள்.

சட்டம் சும்மா இருக்குமா? பத்துப் பதினைந்து நாளில் நோட்டீஸ் வந்தது. எழில் மண்டலத்தின் விருந்தினரைத் தன் வீட்டில் தங்கவைத்திருப்பதால், விசாலாட்சி என்பவர் உரிமம் பெறாமல் தங்கும் விடுதி நடத்துவதாகக் கருதப்படுகிறார். விளக்கம் தர வேண்டும். மருதையன்தான் கொண்டுபோய்க் கொடுத்தான். அவளுக்குப் படிக்கத் தெரியாததால் தானே படித்தும் காட்டினான்.

“எத்தனை ரூம் இருக்குன்னு கேட்டிருக்குக்கா. என்னன்னு எழுதட்டும்?”

அவள் மீன் அரிந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை.

“ஒரே ரூம்தான். அதுல ஆள் இருக்காரு, காலி பண்ண மாட்டாருன்னு எழுது.”